நான்காவது குருவி

மதியம் மூன்று மணி தாண்டியிருந்தது. கைப்பேசியில் ஜெய்னுதீனின் பெயரைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவர் என் கணவர் கமலநாதனின் மேலாளர். கமல் அழைப்பை எடுக்காதபோது மட்டும் என்னைக் கூப்பிடுவார். அவர் வாய் திறப்பதற்குள், "வண்டி ஓட்டிக்கிட்டு இருப்பாரு, அப்புறம் பேசச் சொல்றேன்" என்றேன்.

"அக்கா, கமல் இங்கதான் இருக்காரு," என்றார்.

மாரடைப்பு. ஜெஞ்சாரோம் ஊரைத் தாண்டி, அவர் வேலை பார்த்த கேளிக்கைப் பூங்காவின் கார் நிறுத்துமிடத்தில், காரை விட்டு இறங்கிய இடத்திலேயே விழுந்து இறந்திருக்கிறார். பின்னிருக்கையில் ஒரு பெட்டி நிறையப் பிளாஸ்டிக் தோரணம்.

அந்தத் தோரணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அவர் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேரி தீவில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். கல்லூரியில் வடிவமைப்பு படித்துவிட்டு, கிள்ளானில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்துகொண்டிருந்தார். பிறகுதான் பூங்கா வேலை. அங்கே 'நான்கு பருவ நாடு' என்று ஒரு பகுதி. வசந்தத்துக்குத் துணிப்பூ, இலையுதிர் காலத்துக்கு மேப்பிள் மரம், குளிர்காலத்துக்குப் பனி போல நுரை பீய்ச்சும் இயந்திரம். அவர் பனியைக் கண்ணால் பார்த்ததே இல்லை. ஆனாலும் வருடா வருடம் பனிமனிதனுக்கு மூக்குச் செய்து ஒட்டினார். மழை பெய்தால் நுரை சேறாகிவிடும். மறுநாள் அதைக் கழுவுவதும் அவர் பொறுப்பு.

அந்தப் பகுதியைப் புதிதாக வடிவமைக்கச் சொன்னபோது அவருக்கு இருந்த உற்சாகத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. நம் ஊருக்கு என்று பருவம் இல்லையா என்றார். டுரியான் பழ சீசன் ஒன்று, தகரக்கூரையில் இரைச்சல் போடும் சாயங்கால மழை ஒன்று, காடு எரிந்து எதிர்வீடு தெரியாத புகைமூட்டம் ஒன்று, தை மாத அறுவடை ஒன்று. படங்களை வரைந்து எடுத்துக்கொண்டு போனார். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒன்று தள்ளுபடியானது. வீட்டுக்கு வந்து, ஜெய்னுதீன் பேசியதை அப்படியே நடித்துக் காட்டுவார்.

"கமல், மழைய காசு குடுத்து யாரு பாப்பாங்க? வெளிய வந்து நின்னா ஃப்ரீ லா. புகை வேணுமா? மாஸ்க்கும் நாமளே குடுக்கணும். டுரியான் வாசம் நம்ம ஹோட்டல் வரைக்கும் போவும்."

நான் சிரிப்பேன். அவர் சிரிக்க மாட்டார். கடைசியில் மேலிடம் பனியைத் திரும்பவும் வைத்துக்கொண்டது. இன்னும் பெரிய நுரை இயந்திரம் வந்தது. அவர் வரைந்ததில் மிஞ்சியது நுழைவாயில் மட்டும். கரும்பும் தென்னங்குருத்துத் தோரணமுமாக, அறுவடை வாயில்.

அதிலும் தவறு செய்தார். வேறு யார் மேலும் பழி போட முடியாத தவறு.

தோரணத்தில் குருத்தைக் குருவி போல மடிப்பார்கள். எங்கள் பக்கத்தில் நல்ல காரியத்துக்கு நான்கு குருவி, சாவு வீட்டுக்கு மூன்று. தொழிற்சாலையிலிருந்து பெட்டிகள் வந்து இறங்கிய அன்று, அவர் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நான் எண்ணிப் பார்த்தேன். மூன்று.

"யாரு இப்படி வரைஞ்சு குடுத்தா?"

"நானேதான், புனி. அப்பாவுக்குப் பின்னினதுதான் கடைசியா பின்னினது. கை அதையே வரைஞ்சிருச்சு."

மாமனார் இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.

வேறு அச்சுச் செய்ய நிறுவனம் ஒப்பவில்லை. ஜெய்னுதீன் வீட்டுக்கே வந்து சமாதானம் சொன்னார்.

"குருவி மூணா நாலான்னு எண்ண யாரு வர்றா? நம்ம ஸ்னோவுல மனுசன் சிலிப்பர் போட்டு நிக்கிறான், அதையே எவனும் கேக்கல."

"எண்ண மாட்டாங்க பாஸ். உள்ள நுழையறப்ப மனசு ஒரு மாதிரி ஆவும். எதுக்குன்னு அவங்களுக்கே தெரியாது."

"அப்ப நீங்களே பண்ணுங்க. நான் பாக்கல."

பண்ணினார். பச்சைத் தகட்டில் குருவி வெட்டி, சூடான பசையால் ஒவ்வொரு தோரணத்திலும் ஒட்டினார். எங்கள் ஹாலில் உட்கார இடம் இல்லை. சோற்றிலும் பசை நாற்றம். "இந்த வீட்டுல சாப்பிட ஒரு மேசை இருந்துச்சு, யாராவது பாத்தீங்களா?" என்று கத்தினேன்.

"கேட் மட்டும்தான் புனி நம்மளுது. மத்ததெல்லாம் அவங்களுது."

எனக்குக் கோபம் அடங்கவில்லை. பாராட்டாத இடத்துக்கு எதற்கு இந்தப் பாடு? இப்போதும் அந்தக் கோபம் போகவில்லை. யாரிடம் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

சாவுக்குக் கேரி தீவிலிருந்து அவருடைய சித்தப்பா கன்னையா வந்தார். வாசலில் தோரணம் பின்னிக் கட்டியது அவர்தான். தண்ணீர் குடிக்க உள்ளே வந்தவர், காரிலிருந்து இறக்கி வைத்திருந்த பெட்டியைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஏம்மா, கல்யாணத் தோரணத்த எவன் இங்க கொண்டாந்து வச்சது? எடுத்து மறைங்கடா."

யாரோ அதை அறைக்குள் தள்ளினார்கள். பார்த்தவுடன் கல்யாணத் தோரணம் என்று சொன்னாரே, அதைக் கமலிடம் சொல்ல முடியவில்லையே என்று நினைத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

காரியம் முடிந்த மறுநாள் ஜெய்னுதீன் வந்தார். "அக்கா, திறப்பு விழா வந்துருச்சு. எல்லாத்தையும் எடுத்துக்கவா?"

அறையிலிருந்த பெட்டியைக் கொடுத்தேன். வாயிலின் இடது பக்கத்துக்கு அது போதும். ஹாலில் இருந்த மிச்சத் தோரணங்களை அவர் தொடப்போனார். "அதுல மூணுதான் இருக்கு. அது போவாது" என்றேன்.

"கேட் பாதி வெறுமையா நிக்கும் அக்கா. மேல கேப்பாங்க."

"கேக்கட்டும். நீங்க அன்னைக்கு பாக்கலன்னு சொன்னீங்கல்ல, இதையும் பாக்காதீங்க."

அவர் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனார்.

விழா நடந்து முடிந்தது. வாயிலின் வலது பக்கத்தில் கம்பி மட்டும் இருக்கும் படத்தை ஜெய்னுதீன் அனுப்பினார். அங்கே தொங்க வேண்டிய தோரணங்கள் எங்கள் ஹாலில் இருக்கின்றன. அவற்றுக்கான குருவிகளையெல்லாம் கமல் வெட்டி பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார். நான் அவற்றை ஒட்டவில்லை.