இடது கன்னம்

பிள்ளை தூர தேசம் புறப்படும்போது எங்கள் நாட்டில் ஒரு கன்னத்தை மட்டும் முகர்ந்து அனுப்புவார்கள். இன்னொரு கன்னம் திரும்பி வரும் நாளுக்காகக் காத்திருக்கும். உயாங்கா கொரிய மொழி படிக்க சியோலுக்குக் கிளம்பிய காலையில் அவளுடைய அம்மா தோல்கோர், பயணம் நல்லபடி அமைய வண்டிக்குப் பின்னால் பால் தெளிக்க மரக்கரண்டியோடு நின்றாள். அப்பாதான் குனிந்து மகளின் வலது கன்னத்தை முகர்ந்தார்.

"இடது கன்னம் என்னோடது. வேற யாருக்கும் குடுத்துடாதே."

"குடுத்தா என்ன பண்ணுவீங்களாம்?"

"கொரியா வரைக்கும் குதிரையிலயே வந்து சண்டை போடுவேன்."

சிரித்துக்கொண்டே வண்டி ஏறினாள் உயாங்கா. அப்பாவை அவள் உயிரோடு பார்த்தது அதுதான் கடைசி.

அவள் கடைசி வருடப் படிப்பில் இருந்தபோது அப்பா நோயில் விழுந்தார். சில வாரங்களில் போயும் விட்டார். அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறை அவள் போன் செய்தபோதும் அம்மா ஒரே பதிலைச் சொன்னாள்: "அப்பா குதிரைங்களோட தூர மேய்ச்சலுக்குப் போயிருக்காரும்மா. அங்க சிக்னல் கிடைக்காது." கெட்டதை வாயால் சொன்னாலே அது வீடு தேடி வந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் நாங்கள். மகள் அதை நம்பினாள். சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவிச் சேர்த்ததில் அப்பாவுக்குக் கனமான குளிர்கோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு, பட்டத்தோடு வந்து இறங்கினாள். விமான நிலையத்தில் அம்மா மட்டும் நின்றாள்.

"அப்பா எங்கம்மா?"

"அப்பா தெய்வமாயிட்டார், கண்ணு."

அழுதுகொண்டே மகளின் இடது கன்னத்தை முகர வந்தாள் அம்மா. உயாங்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு தோல்கோர் ஆடுகளை விற்றுவிட்டு, தலைநகர் உலான்பத்தூரில் மகளோடு குடியேறினாள். அடுத்த வாசல் என்னுடையது. மகள் கொரிய மொழி சொல்லிக்கொடுக்கும் பயிற்சி நிலையத்தில்தான் நானும் ரஷ்ய மொழி சொல்லிக்கொடுக்கிறேன். என் வகுப்பில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். கொரியாவுக்கு வேலைக்குப் போக மொழித் தேர்வு எழுத வேண்டும் என்பதால் அவள் வகுப்பில் ஜன்னல் விளிம்பில்கூட ஆள் உட்கார்ந்திருக்கும். அம்மாவும் மகளும் சண்டை போட்டு நான் கேட்டதே இல்லை. அம்மா நீட்டும் உப்புத் தேநீரை மகள் கொரியப் பழக்கப்படி இரண்டு கைகளாலும் வாங்கித் தலை குனிவாள்.

"யாரோ விருந்தாளிக்கு ஊத்திக் குடுக்கிற மாதிரி இருக்கு," என்று ஒருநாள் என்னிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் தோல்கோர்.

வகுப்பில் உயாங்கா வேறு ஆள். குனிந்து வணங்க அவள் பழக்கும்போது சிரிப்புச் சத்தம் என் அறை வரை கேட்கும். அதிகமாக வாயடிப்பவன் தெமூலன். பயான்ஹொங்கோர் பக்கத்து மேய்ப்பர் வீட்டுப் பையன்.

"டீச்சர், எங்க ஆட்டுல பால் கறக்கக்கூட நான் இவ்வளவு குனிஞ்சதில்ல."

"ஆடு சம்பளம் குடுக்காது, தெமூலன். முதலாளி குடுப்பார். குனி."

அந்த வருடத் தேர்வு நெருங்கிய வாரத்தில், ஆசிரியர் அறையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தபோது அவளுக்குப் போன் வந்தது. தெமூலனின் அக்கா கெர்லே பேசினாள். குரல் எனக்கும் கேட்டது.

"டீச்சர், அப்பாவுக்கு ரொம்ப முடியல. வீட்டுக்கே கூட்டிட்டுப் போங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். தம்பி காதுல மட்டும் விழாம பாத்துக்குங்க. பரீட்சை முடியட்டும். அவன் கேட்டா, அப்பா குதிரைங்களோட மேய்ச்சலுக்குப் போயிருக்கார்னு சொல்லி வச்சிருக்கோம்."

உயாங்கா போனை வைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதே குதிரைங்க, அக்கா," என்றாள்.

"நமக்கேன் வம்பு?" என்றேன் நான். "இதை விட்டா அடுத்த பரீட்சை எப்ப வரும்னே தெரியாது. அந்தக் குடும்பம் அவன் ஒருத்தனைத்தான் நம்பியிருக்கு. எழுதி முடிச்சிட்டுப் போகட்டுமே."

"எங்கம்மாவும் இப்படித்தான் நினைச்சிருப்பாங்க."

அவள் எழுந்து வகுப்புக்குப் போனாள். தெமூலனை வெளியே அழைத்து, தாழ்வாரத்தில் நிறுத்திச் சொன்னாள். நான் கதவருகில் நின்றேன்.

"போன்னும் சொல்ல மாட்டேன், இருன்னும் சொல்ல மாட்டேன். போனா பரீட்சை போயிடும். இருந்தா அப்பாவைப் பாக்க முடியாம போகலாம். தெரிஞ்சுக்கிட்டு நீயே முடிவு பண்ணு."

தெமூலன் வகுப்புக்குள் போய்ப் புத்தகத்தை மூடி வைத்தான். பிறகு தொப்பியை எடுத்துத் தலையில் அழுத்திக்கொண்டான்.

"பயான்ஹொங்கோர் பஸ் எத்தனை மணிக்கு டீச்சர்?"

மறுநாளே கெர்லே மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை கத்தினாள்.

"கொரியாவுல படிச்சவங்கதானே நீங்க? பரீட்சையோட அருமை தெரியாதா? உங்களுக்கென்ன, நீங்க போய்ப் படிச்சிட்டு வந்துட்டீங்க. எங்க பையனோட வழியில மண்ணள்ளிப் போட்டுட்டீங்க!"

உயாங்கா கையிலிருந்த போனுக்கே தலை குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டாள். அவள் சொன்னது தப்போ என்று எனக்கும் தோன்றியது. அவளுக்கும் தோன்றியிருக்க வேண்டும். தேர்வு நாளில் தெமூலனின் காலி நாற்காலியைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றிருந்தாள்.

முதல் பனி விழுந்த பிறகு ஒருநாள் அவன் வந்தான். கையில் உலர்ந்த தயிர்க்கட்டிகள் ஒரு பை நிறைய. முகம் மெலிந்திருந்தது.

"அப்பா?"

"தெய்வமாயிட்டார், டீச்சர். நான் போய்ச் சேர்ந்தப்ப நினைவோடதான் இருந்தார். என்னைப் பாத்ததும் திட்டினார் பாருங்க, அப்படியொரு திட்டு! 'பரீட்சையை விட்டுட்டு எதுக்குடா வந்தே, கழுதை'ன்னார். திட்டி முடிச்சிட்டு, கிட்ட வான்னு கூப்பிட்டு இந்தக் கன்னத்தை முகர்ந்தார்." தன் இடது கன்னத்தைத் தொட்டுக்கொண்டான். "அக்கா மேல கோபப்படாதீங்க டீச்சர். எங்கிட்ட மறைக்கச் சொன்னதே அப்பாதானாம். அவர் பேச்சை மீற முடியாம அவ தனியா அழுதிருக்கா."

உயாங்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலை வீட்டு வாசலில் என் கையைப் பிடித்தாள். "நீங்களும் உள்ள வாங்க அக்கா. தனியா கேக்க எனக்குத் தைரியமில்ல."

தோல்கோர் சமையலறையில் இறைச்சிக் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தாள். மகள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, எங்கிட்ட சொல்ல வேண்டாம்னு சொன்னது யாரு?"

மாவை மடித்துக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

"இப்ப எதுக்கு அது?"

"அப்பாவா?"

தோல்கோர் திரும்பாமலே அடுப்பைத் தணித்தாள்.

"'அவ படிப்பு முடியட்டும், பாதியில ஓடி வந்துடுவா'ன்னார். 'சொன்னேன்னா உன்னை மன்னிக்க மாட்டேன்'னு என் கையில அடிச்சு சத்தியம் வாங்கிக்கிட்டார்."

"இத்தனை வருஷம் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா அவர் மேல கோபப்படுவே. போனவர் எப்படிம்மா திரும்பி வந்து உன்னைச் சமாதானப்படுத்துவார்? நான் உயிரோட இருக்கேன். அந்தக் கோபம் எம்மேலயே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

உயாங்கா அம்மாவின் காலடியில் மண்டியிட்டாள். முகத்தைத் திருப்பி, இடது கன்னத்தைக் காட்டினாள்.

தோல்கோர் பதறிப்போய்க் கைகளை உயரத் தூக்கிக்கொண்டாள். "இரு, இரு! கையெல்லாம் மாவு!"

"மூக்குல மாவு இல்லையேம்மா," என்றாள் மகள்.