அட்டையில் இல்லாத ஏழு வெடி

செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் போகும் வழியில் வாகனங்கள் அசையாமல் நின்றபோது றீற்றா அக்கா அழைத்தார். "அண்ணை போயிட்டார்" என்றார். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை உங்களை எங்கை எண்டு கேட்டவர்" என்றார். அவருடைய கணவர் சவிரிமுத்து அண்ணையின் நற்குணங்களை, அவரை அறிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அக்கா சொன்ன இரண்டாவது வசனம் என்னை விடுவதாயில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கனடாவின் மிசிசாகா நகரில், விமானப் பாகங்கள் வெட்டும் பட்டறையில் நாங்கள் பதினெட்டு வருடம் ஒன்றாக வேலை செய்தோம். நான் வெட்டுவேன், அவர் அளவு பார்ப்பார். மன்னார்க்காரர், ஒரு பூசையும் தவறவிடாதவர். ஆனால் அளவு என்று வந்தால் ஈவிரக்கம் கிடையாது. அவர் திருப்பி அனுப்பிய பாகங்களை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

விட்பி நகருக்கு அப்பால் உள்ள துப்பாக்கி சுடும் மைதானத்தில் இருவரும் ஒரே நாளில்தான் சேர்ந்தோம். துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம் இங்கே காசு கொடுத்துத் துவக்கு வாங்குவதா என்று பலர் முகத்துக்கு நேரே கேட்டார்கள். "அங்கை துவக்கு எங்களைப் பாத்தது. இங்கை கடதாசியைப் பாக்குது" என்பார் அண்ணை.

அவர் சிறிய தோட்டாவோடு நின்றுகொண்டார். நான் பெரிய தோட்டா போடும் மக்னம் துவக்கு வாங்கினேன். தோட்டா என் நடுவிரலைவிட நீளம். வெகு தூரம் போகும், ஆனால் தோளில் கழுதை உதைத்தது போல் இருக்கும். குழாயும் சீக்கிரம் சூடாகிவிடும். அதனால் மக்னம்காரர்களுக்கு அங்கே ஒரு வழக்கம்: குறி அட்டையில் மூன்று வெடி மட்டும் வைப்பது, அதாவது மூன்று முறை மட்டும் சுடுவது. மூன்று ஓட்டையும் ஒன்றையொன்று தொட்டால், அட்டையை மடித்துப் பேர்ஸில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டுவது. எனக்கும் ஒருநாள் அப்படி அமைந்தது.

அண்ணை அட்டையைப் பார்த்தார். "மூண்டு வெடியில எல்லாரும் கெட்டிக்காரன்தான். மிச்ச ஏழையும் வை."

"தோள் நோகுது அண்ணை."

"தோட்டா நேராத்தான் போகும். அடுத்த உதைக்கு உன்ர தோள் முன்னமே பயப்பிடும். அந்தப் பயம் நாலாவதிலதான் தெரியும்."

அவர் எப்போதும் பத்து வைப்பார். விலகிப்போனவற்றைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுவார். பட்டறைப் புத்தி என்று நான் பகிடி பண்ணினேன்.

அந்த இலையுதிர் காலத்தில் வடக்கே மூஸ் என்னும் பெரிய காட்டு மான் வேட்டைக்குப் போனோம். ஏரியின் மறுகரையில், நானூறு மீற்றரில் ஒன்று நின்றது. "சுத்திக் கிட்டப் போவம்" என்றார் அண்ணை. என் பேர்ஸில் அட்டை இருந்தது. நான் சுட்டேன். வயிற்றில் பட்டது. இரண்டு நாள் சேற்றில் இரத்தத் தடத்தின் பின்னால் நடந்தோம். தடம் தண்ணீரில் போய் முடிந்தது. அது எங்கேயோ கிடந்து துடித்துத்தான் செத்திருக்கும். அண்ணை ஏசவில்லை. வாகனத்தில் ஏறியதும் அந்த அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "நீ வைக்காமல் விட்ட ஏழில ஒண்டு அது" என்றார்.

இந்த வருடம் அண்ணை நோயில் விழுந்தார். சத்திரசிகிச்சை முடிந்து அவர் ஸ்காபரோ வீட்டுக்கு வந்தபின் மூன்று ஞாயிறு போனேன். முதல் ஞாயிறு கஞ்சி குடித்தார். இரண்டாவதில் என்னோடு சீட்டு விளையாடி வென்றார். மூன்றாவதில் வாசல்வரை நடந்து வந்து என்னை வழியனுப்பினார். "அண்ணை தப்பிட்டியள்" என்றேன். "பொறு, இதுவரைக்கும் மூண்டுதானே" என்று சிரித்தார். எனக்குப் புரிந்தது. புரிந்தும் பட்டறையில் எல்லோரிடமும் அவர் தப்பிவிட்டார் என்றே சொன்னேன். நான்காவது ஞாயிறு காற்றே இல்லாத நாள். சுடுவதற்கு அதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று, அண்ணை வீட்டுக்குப் போகாமல் மைதானத்துக்குப் போனேன். அன்றுதான் அவர் என்னைக் கேட்டிருக்கிறார். என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அடக்கம் முடிந்து வீட்டில் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, றீற்றா அக்கா ஒரு கடித உறையைத் தந்தார். "இதை உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவர்" என்றார். உள்ளே என் அட்டை. மூன்று ஓட்டைக்கும் கீழே, சிவப்புப் பேனாவால், நாலு முதல் பத்து வரை இலக்கம் போட்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே வெறுமையாக இடம் விட்டிருந்தார்.

போன சனிக்கிழமை அதே தூரத்தில் அதே அட்டையைக் குத்தி, மிச்ச ஏழையும் வைத்தேன். குழாய் ஆறும்வரை ஒவ்வொன்றுக்கும் இடையில் காத்திருந்தேன், அவர் செய்வது போலவே. ஐந்தாவதிலிருந்து எல்லாம் பரவாயில்லை. முதலில் வைத்தது, அந்த நாலாவது, மற்றவற்றை விட்டு விலகி அட்டையின் விளிம்பைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது.

அண்ணையிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது இந்த அட்டை. நாலாவதைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, பக்கத்தில் நான் போகாத அந்த ஞாயிற்றுக்கிழமையின் திகதியை எழுதினேன்.