நாற்பத்தேழாம் எண் வில்லை

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். இது எனக்கே நடந்தது. ராத்திரியில்கூட இல்லை. பட்டப்பகல்... மதியம் ஒன்றரை மணி.

எங்கள் ஊர்க்காட்டை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். வனக்குழுவில் ஆளுக்கு ஒரு பகுதி. நட்ட ஒவ்வொரு கன்றிலும் எண் போட்ட தகர வில்லை தொங்கும். வருஷத்துக்கு ஒரு நாள் எண்ணிக்கை. வில்லை இல்லாத கன்று கணக்கில் வராது. யார் பகுதியில் அதிகம் பிழைத்திருக்கிறதோ, அவர்தான் அடுத்த தலைவர்.

பதினோரு வருஷம் அந்தப் பதவிக்காக மாடாய் உழைத்தவள் நான். என் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி, நேற்று வந்தவள். "அவளுக்குக் கைராசி" என்று என் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். வயிறு பற்றி எரியும்.

எண்ணிக்கைக்கு முந்தின நாள், காலை ஆறு மணிக்கு, என் வாசலில் நின்றாள்.

"அக்கா, காட்டுக்குப் போறேன். உங்க கன்னுக்கும் களை எடுத்துடட்டா?"

"உன் வேலையப் பாருடி."

சிரித்துக்கொண்டே போனாள். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்காது.

எப்போதும் பத்து மணிக்குத் திரும்பிவிடுவாள். அதனால் 1.05க்கு அவள் பகுதிக்குள் நுழைந்தேன். வில்லைகளைக் கழற்றிச் சுருக்குப்பையில் போட்டேன். பன்னிரண்டாவது, 47. என் நெஞ்சு உயரக் கன்று. அதையும் கழற்றிப் பையில் போட்டு முடிச்சை இறுக்கும்போது மணி 1.25.

டக்... டக்...

எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு. காட்டில் தனியாக இருப்பவர் அரிவாளின் முதுகால் மரத்தில் இரண்டு தட்டுத் தட்டினால், 'யாராவது இருக்கீங்களா?' என்று அர்த்தம். காதில் விழுந்தவர் மூன்று தட்டித் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருக்கவே கூடாது.

நான் தட்டவில்லை. தட்டினால் மாட்டிக்கொள்வேனே!

1.28. டக்... டக்... இன்னும் பக்கத்தில்.

தரையெல்லாம் சருகு. காலடிச் சத்தமே இல்லை.

ஒரு மரத்தின் பின்னால் ஒளிந்தேன். மூச்சை அடக்கினேன்.

1.30.

டக்... டக்...

நான் சாய்ந்திருந்த மரத்திலேயே.

முதுகில் அதிர்ந்தது.

எட்டிப் பார்த்தேன்...

யாருமில்லை.

விழுந்தடித்து ஓடினேன். வீட்டுக்கு வந்து பையைப் பார்த்தேன். முடிச்சு அப்படியே இறுக்கமாக இருந்தது. உள்ளே பதினொரு வில்லைதான். 47 இல்லை.

நாலு மணிக்குக் கொழுந்தன் வந்தான்.

"அண்ணி, அவ இன்னும் வரல. பாத்தீங்களா?"

"நான் எங்க பாத்தேன்?"

5.40க்குக் கண்டுபிடித்தார்கள். அவள் பகுதியின் கடைசியில், ஒடிந்து விழுந்த கிளைக்கு அடியில் கிடந்தாள். உடம்பு விறைத்திருந்தது. காலை எட்டு மணிக்கு முன்பே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர்.

இப்போது நான்தான் தலைவி. ஆனால் அந்தப் பகுதிக்கு ஊரார் வைத்தது அவள் பெயரை. செத்தும் என்னை ஜெயித்துவிட்டாள் பாவி!

அன்றைக்கு, மூடியிருந்த அவள் கையை இரண்டு பேர் சேர்ந்துதான் பிரித்தார்கள். "சாகும்போதும் கன்னு நெனப்புதான் பாரு" என்று ஊரே அழுதது. எனக்கு மட்டும் அழுகை வரவில்லை.

உள்ளங்கையில் ஒரு தகர வில்லை.

47.