டிலீட் செய்தால் போய்விடுமா?

கடந்த செவ்வாய்க்கிழமை காலை பேஸ்புக்கைத் திறந்தேன். திறக்காமலே இருந்திருக்கலாம்!

செல்வமேரி டீச்சர் ஒரு படம் போட்டிருந்தார். முன்பு என்னோடு ஒரே பாடசாலையில் படிப்பித்தவர். இப்போது தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த மடுல்கெல்லவில் இருக்கிறார். தேவாலயத்தில் மகள் முதன்முறை நற்கருணை வாங்கும் முதல் நன்மைக்காகக் கண்டியில் கேக் ஓடர் கொடுத்திருக்கிறார். மகள் பெயர் அனிஷா. கேக்கில் இருந்ததோ... மனிஷா.

டீச்சர் சண்டை பிடிக்கவில்லை. “ருசி நல்லா இருந்தது. அடுத்த முறை பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள்” என்று கடையின் பேஜில் எழுதியிருந்தார். அவ்வளவுதான்.

கடையின் பதில்? “தோட்டத்துப் பக்கம் கேக்கைச் சாப்பிடத்தானே வாங்குறீங்க, வாசிக்கவா?” கூடவே பல்லைக் காட்டும் மூன்று பொம்மைகள்!

அந்தக் கடையின் முதலாளி சந்திரனைப் பன்னிரண்டு வருடமாகத் தெரியும். அம்பிட்டிய பக்கம் இருக்கும் எங்கள் வீட்டின் எல்லாக் கேக்கும் அவர் செய்ததுதான். அடுத்த மாதம் என் அக்கா மகளின் நிச்சயதார்த்தக் கேக்கும் அவரிடம்தான் சொல்லியிருந்தோம்.

நேரே கடைக்குப் போனேன்.

“பேஜைப் பார்க்கிறது யார், சந்திரன்?”

“நான்தான் அக்கா. சும்மா ஜோக்குக்குப் போட்டேன். இப்ப டிலீட் பண்ணிட்டேன். அந்த டீச்சரையும் ப்ளொக் பண்ணியாச்சு. பிரச்சினை முடிஞ்சுது.”

முடிந்ததா? நான் நிற்கும்போதே போன் அடித்தது. ஒரு பாடசாலை. பரிசளிப்பு விழா ஓடர் வேண்டாமாம். ஸ்கிரீன்ஷொட் அதற்குள் கம்பளை வரை போய்விட்டிருந்தது!

“அந்த டீச்சர் கடைக்கே வந்து இதைச் சொல்லியிருந்தா, இப்படித்தான் பதில் சொல்லியிருப்பீங்களா?”

“சேச்சே... அது எப்படி அக்கா? கதிரையைப் போட்டு உக்கார வச்சு, மன்னிப்புக் கேட்டிருப்பேன்.”

இதுதான் எனக்கு விளங்காத விஷயம். கடையில் அத்தனை மரியாதை தெரிந்த மனுஷனுக்குப் போனைக் கையில் எடுத்தால் மட்டும் என்ன ஆகிறது? எதிரே முகம் தெரியாவிட்டால் ஆளே இல்லை என்று நினைப்பா?

அன்று பின்னேரம் டீச்சரோடு பேசினேன்.

“பேர் பிழைச்சதுக்கு எனக்குக் கோபமே இல்ல மிஸ். மகள் அந்தப் பதிலை வாசிச்சிட்டா. ‘நமக்கு வாசிக்கத் தெரியாதுன்னு நினைச்சிட்டாங்களா அம்மா?’ன்னு கேட்டா. நான் என்னங்க சொல்றது?”

அதை அப்படியே சந்திரனிடம் சொன்னேன். “டீச்சர் வீடு எங்க அக்கா?” என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை புதுக் கேக் ஒன்றோடு மடுல்கெல்லவுக்குப் போயிருக்கிறார். பெயர் சரியாக இருந்ததாம். வாசலிலேயே நின்று தாயிடமும் மகளிடமும் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்.

டீச்சர் உள்ளே கூப்பிட்டு, தேத்தண்ணி கொடுத்து, சொன்னாராம்:

“நீங்க மன்னிப்புக் கேட்டதை ஏத்துக்கிறோம். கேக்கைக் கொண்டு போங்க.”

திரும்பி வந்த சந்திரன், பேஜிலும் தன் பெயரைப் போட்டே மன்னிப்புக் கேட்டார். ஆனால் போன ஓடர்கள் திரும்பவில்லை. எங்கள் வீட்டு நிச்சயதார்த்தக் கேக்கையும் அக்கா வேறு கடைக்கு மாற்றிவிட்டார். நான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

அந்த நக்கலை ஊரே ஷெயார் பண்ணியது. மன்னிப்புக்கு இதுவரை நான்கு லைக் — அதில் ஒன்று என்னுடையது!