யாகப்பரின் முறை

விழுந்தவரிடம் சொல்ல நம்மிடம் வார்த்தைகளுக்குப் பஞ்சமில்லை. கம்பளை ரயில் ஸ்டேஷன் வாசலில் தேநீர்க்கடை வைத்திருக்கும் நான், அவற்றில் பாதியையாவது யாகப்பரிடம் சொல்லித் தீர்த்திருப்பேன். பதினெட்டு வருடமாக என் கடைக்கு எதிரே ஆட்டோ ஓட்டுகிறவர். போன வருடம் மழையில், மலைப்பாதை வளைவொன்றில் ஆட்டோ சறுக்கிக் கவிழ்ந்தது. அவருக்குக் கால் முறிந்தது. பின்சீட்டில் இருந்த பெண்ணுக்கு நெற்றியில் நான்கு தையல்.

ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்று ஆளுக்கொன்று சொன்னோம். "தேறி வந்துருவீங்க அண்ணே" என்றேன் நான். கூட ஓட்டும் மஹ்மூத், "அல்லாஹ் லேசாக்கி வைப்பான்" என்றார். யாகப்பரின் மனைவி மரியகொறற்றி மட்டும் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் புருஷனைத் தெரியும்.

கால் எட்டு மாதத்தில் சுகமானது. ஆட்டோவைத் தானே ஓட்டிவந்து ஸ்டாண்டில் நிறுத்தினார். "பழையபடி ஆயிட்டீங்க" என்று நான் தேநீரைக் கொண்டுபோய் நீட்டினேன். என் வாய் எப்போதும் அப்படித்தான், முந்திக்கொள்ளும்.

எங்கள் ஸ்டாண்டில் வரிசையில் முன்னால் நிற்பவருக்குத்தான் சவாரி. யாகப்பர் தன் முறை வந்ததும் டயரில் காற்றில்லை என்பார், பெற்றோல் அடிக்க வேண்டும் என்பார். அப்படியே ஒரு சுற்றுச் சுற்றிவந்து வரிசையின் கடைசியில் நிற்பார். நான்கு நாள் இதே கதை. ஒரு சவாரிகூடப் போகவில்லை.

"மனச தேத்திக்கங்க அண்ணே" என்றேன்.

"தனியா ஓட்டுனா ஒண்ணுமில்ல. பின்னுக்கு ஒரு ஆள் ஏறுனா கை நடுங்குது" என்றார். "ஞாயித்துக்கிழம ஒருத்தர் ஆட்டோவ பாக்க வர்றாரு. வித்துருவேன்."

அதுவரை சொன்னதையெல்லாம் நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வயதான ஹவ்வா உம்மா வந்து இறங்கினார். மலைமேல் மகள் வீட்டுக்குப் போகவேண்டும். நின்ற நான்கு ஆட்டோக்களில் முதலாவது யாகப்பருடையது. "டயர்ல காத்து கொறைவு" என்று அவர் விலகிக் கடைசிக்குப் போனார். அடுத்தது மஹ்மூத். அவர் பையைப் பார்த்தார், உம்மாவைப் பார்த்தார்.

"எனக்கும் காத்து கொறைவு உம்மா" என்றபடி அவரும் சுற்றிவந்து யாகப்பருக்குப் பின்னால் நின்றார். மற்ற இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே போனார்கள். மறுபடி முன்னால் நின்றது யாகப்பர்தான்.

"எல்லாருக்குமா ஒரே நாள்ல காத்து போவுது?" உம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பையைத் தூக்கி யாகப்பரின் ஆட்டோவில் போட்டு ஏறி உட்கார்ந்தார். "எடுங்க மகன், வெயில் ஏறுது."

யாகப்பர் திரும்பி மஹ்மூதைப் பார்த்தார். மஹ்மூத் பத்திரிகையில் தலையைப் புதைத்திருந்தார். வேறு வழியில்லை. ஆட்டோ மெல்ல நகர்ந்தது.

ஒரு மணி நேரமாயிற்று. அதற்குள் மஹ்மூத் மூன்று தேநீர் குடித்துவிட்டார். நான் பாதையையே பார்த்துக்கொண்டு இரண்டு தடவை பாலைப் பொங்கவிட்டேன்.

திரும்பி வந்து, ஒழுங்காகக் கடைசியில் நிறுத்திவிட்டு யாகப்பர் இறங்கினார். இந்தமுறை நான் தேநீரை மட்டும் கொண்டுபோய் நீட்டினேன்.

"கை நடுங்குச்சுதான்" என்றார். "ஆனா உம்மா பாதி வழியிலயே தூங்கிட்டாங்க. நான் விழுந்த அந்த வளைவுலகூட முழிக்கல."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு மஹ்மூதின் போனை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம் என்று அந்த ஆளிடம் சொன்னார்.