லெவல் கீழதானே இருக்கும்

எனக்குக் கோர்வையா எழுத வராது. அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சேன். எழுத்துல தப்பு இருந்தா மன்னிச்சுக்குங்க. எது முந்தி நடந்தது, எது பிந்தி நடந்ததுன்னு மறந்தும் போகுது. ஞாபகம் வர்ற மாதிரி எழுதறேன்.

நான் போன்ல கேம் ஆடி அதை லைவ்ல காட்டறேன். தங்கச் சுரங்கம் இருந்த எங்க சாம்பியன் ரீப்ஸ்ல, வரிசை வீடுங்க இருக்கற எங்க லைன்ல இதைச் சொன்னா பாதிப் பேரு இன்னும் நம்பறதில்ல. கேம் ஆடறது எனக்குப் பெரிய விஷயமா இருந்ததில்ல. மகள் காலை ரயிலைப் பிடிச்சு பெங்களூருக்கு வேலைக்குப் போயிட்டா வீட்டுல நான் ஒருத்திதான். அவளோட பழைய போன்ல மண்ணைத் தோண்டற ஆட்டம் ஒண்ணு இருந்தது. ஒரு ஆளு கையில கடப்பாரை மாதிரி ஒண்ணை வச்சுக்கிட்டு நிப்பான். நாம விரலை வச்சா அவன் தோண்டுவான். முதல்ல சும்மா பொழுது போகட்டும்னு எடுத்தேன். அப்புறம் சோறு வடிக்கறதைக்கூட மறந்து தோண்டினேன்.

ஒரு நாள் சாயங்காலம் மகள் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தா.

"ம்மா, இன்னாம்மா இவ்ளோ வேகமா ஆடற? இதை லைவ்ல போடலாம்மா. நிறைய பேரு பார்ப்பாங்க."

"யாரு பார்ப்பாங்க, போடி."

"நீ பேசிக்கினே ஆடணும். அவ்ளோதான்."

அந்த "அவ்ளோதான்"லதான் எல்லாம் மாட்டிக்கிச்சு. எனக்குப் பேச வராது. ஊமை இல்ல, வீட்டுக்குள்ள நல்லாவே பேசுவேன். நாலு பேரு முகம் என் பக்கம் திரும்பினா தொண்டை அடைச்சுக்கும். ரேஷன் கடையில என் நாத்தனார்தான் எனக்கும் சேர்த்துப் பேசும். ஆஸ்பத்திரியில, என் வீட்டுக்காரர் உயிரோட இருந்த வரைக்கும் அவர் பேசுவார், "அவளுக்கு முட்டி வலிங்க"ன்னு. அவருக்கு அப்புறம் மகள். மகளிர் குழுவுல ஒருதடவை எழுந்து பேரைச் சொல்லச் சொன்னாங்க. என் பேரையே பக்கத்துல இருந்தவங்க சொன்னாங்க.

அதனால வேணாம்னுதான் சொன்னேன். மகள் கேட்கல. போனைச் சொம்புல சாய்ச்சு வச்சு, எதை அமுக்கினா லைவ் போகும், எதை அமுக்கினா நிக்கும்னு காட்டினா. எனக்கு இங்கிலீஷ் எழுத்து வராதே, பார்க்கறவங்க எழுதறதை எப்படிப் படிப்பேன்னு கேட்டேன். மேலயே ஒரு வரி எழுதிப் போட்டா: "தமிழ்லயோ கன்னடத்துலயோ எழுதுங்க, அம்மா படிப்பாங்க." கன்னடம் எனக்கு பஸ் போர்டு படிச்சுப் படிச்சே வந்துடுச்சு.

முதல் தடவை மத்தியானத்துல போட்டேன். சுரங்கத்து மண்ணைக் கொட்டி வச்ச டம்ப் மேல இருந்து காத்து அடிச்சா வெள்ளை மண்ணு வந்து போன் கண்ணாடியில படியும்னு சன்னலைச் சாத்திட்டு உட்கார்ந்தேன். மூணு பேரு வந்தாங்கன்னு காட்டிச்சு. "வணக்கம்" சொல்ல வாயைத் திறந்தேன், காத்துதான் வந்தது. ஆடிக்கிட்டே இருந்தேன். ஒருத்தர் எழுதினார், "மைக் ஆஃப்ல இருக்கு." நான் பதறிப்போய் மைக்கைப் பார்த்தேன். அது ஆன்லதான் இருந்தது. நான்தான் ஆஃப்ல இருந்தேன். கொஞ்ச நேரத்துல மூணு பேரும் போயிட்டாங்க.

அந்த ஞாயித்துக்கிழமை மகள், "நீ ஆடும்மா, நான் பேசறேன்"னா. அவ பேசினா, நான் ஆடினேன். நிறைய பேரு வந்தாங்க. "ஆயா சூப்பர்"னு எழுதினாங்க. மகளுக்கு ஒரே சந்தோஷம். "இனிமே இப்படியே செய்யலாம்மா"ன்னா. நான் சரின்னு தலையை ஆட்டிட்டேன். ராத்திரி படுத்தா மனசு ஆறல. ரேஷன் கடையில ஒருத்தர், ஆஸ்பத்திரியில ஒருத்தர், இங்கயும் ஒருத்தரா? இந்த ஆட்டம் நான் ஆடறது. இதுலயாவது என் வாய்தான் பேசணும். மகள் இல்லாத நாள்ல, ஒரே ஒரு ஆட்டம், முழுசா நானே பேசி முடிக்கணும். முடியலன்னா லைவ் வேணாம், மூடிடலாம். அப்படின்னு முடிவு பண்ணேன்.

மறுநாள்ல இருந்து சுவத்தைப் பார்த்துப் பேசிப் பழகினேன். "எல்லாருக்கும் வணக்கம். நான் தோண்டப் போறேன்." இதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். எங்க லைன் வீட்டுல ஒரு சுவருக்கு அந்தப் பக்கம்தான் நாத்தனார் வீடு. சுவர் மேல வரைக்கும் போகாது, தகரக் கூரை ரெண்டு வீட்டுக்கும் ஒண்ணுதான். அங்க இருந்து குரல் வந்தது.

"இன்னா அண்ணி, யாராவது வந்துகீறாங்களா?"

"யாரும் இல்லம்மா."

"அப்புறம் யாருக்கு வணக்கம் வைக்கறீங்க? எனக்கா? இத்தினி வருசத்துல ஒருநாளும் வச்சதில்லையே!"

அது சிரிச்ச சிரிப்புல தகரமே அதிர்ந்தது. அன்னிக்கு நான் லைவ் போடல. அடுத்த நாள் போட்டேன். பேச்சு வரல. அதுக்கு அடுத்த நாளும் போட்டேன். "வணக்கம்" மட்டும் வந்தது, அதுவும் இருமல் மாதிரி. விடல.

அப்புறம் ஒரு நாள். ஞாயித்துக்கிழமை பார்த்தவங்க கேட்டாங்கன்னு மகள் புதுசா வேற ஒரு ஆட்டம் ஏத்திக் கொடுத்திருந்தா. இதுவும் சுரங்கம்தான். ஒரு குகைக்குள்ள ஆளு நிப்பான், கல்லெல்லாம் பொறுக்கணும். அன்னிக்கு அஞ்சாறு பேரு இருந்தாங்க. கல்லெல்லாம் பொறுக்கிட்டேன். மணி அடிக்கற மாதிரி ஒரு சத்தம் வந்தது. உடனே ஒருத்தர் எழுதினார், "ஆயா, அடுத்த லெவலுக்குப் போங்க."

அடுத்த லெவல்தானே, இதுக்கா யோசிக்கணும்? கீழ தோண்டினேன். "ஆயா, லெவல்!"னு இன்னொருத்தர். தோண்டிக்கிட்டுதானே இருக்கேன்னு இன்னும் வேகமாத் தோண்டினேன். தரை பொத்துக்கிட்டுப் போச்சு. கீழ தண்ணி. ஆளு முழுகிச் செத்துட்டான்.

எல்லாரும் சிரிக்கிற பொம்மையா போட்டாங்க. ஒருத்தர், "லெவல் மேல இருக்கு ஆயா. ஏணி தெரியல?"ன்னு எழுதினார்.

எனக்கு எங்க இருந்து வந்ததோ கோபம்.

"இன்னா பேச்சு பேசறீங்க? லெவல் எங்கயாவது மேல இருக்குமா? கேஜ்ல ஏறி சாப்ட்டுக் குழிக்குள்ள இறங்கினாதானே லெவல் வரும்? இறங்க இறங்கத்தான் லெவல் நம்பர் ஏறும். மேல வந்தா ஷிப்ட் முடிஞ்சிடுச்சுன்னு அர்த்தம். வீட்டுக்குப் போய் குளிக்க வேண்டியதுதான்!"

சொல்லி முடிச்ச அப்புறம்தான் அது என் குரல்னு எனக்கே உறைச்சது.

எழுத்து மளமளன்னு ஓடிச்சு. "ஆயாவுக்கு மைக் இருக்குப்பா!" "எந்த ஊரு ஆயா? கேஜ்னா கூண்டா?" கன்னடத்துல ஒருத்தர், "மாத்தாடி அஜ்ஜி, மாத்தாடி"ன்னு எழுதினார். பேசுங்க, பேசுங்கன்னு அர்த்தம். அப்பத்தான் பயம் வந்தது. விரல் அதுபாட்டுக்கு நிறுத்தற பட்டன்கிட்ட போச்சு. போகக்கூடாதுன்னு கையை இழுத்து ஆட்டத்து மேலயே வச்சேன். என்ன பேசறதுன்னு தெரியல. கண்ணுக்குத் தெரியறதைச் சொன்னேன்.

"கேஜ்னா ஆளுங்களைச் சுரங்கத்துக்குள்ள இறக்கற பெட்டிங்க. எங்க வீட்டுக்காரர் அதுலதான் தினம் இறங்குவார். இப்ப நான் வலது பக்கம் வெட்டறேன். இது கல்லு. இது ஏணி. சரி, இந்த ஆட்டத்துல லெவல் மேலதான்னா மேலயே வர்றேன். ஆனா எனக்கு ஒப்பல."

ஏணியில ஏறினேன். மேல இன்னொரு குகை. ஒருத்தர் அவசரமா எழுதினார், "ஆயா, ஸ்கெலட்டன் வருது! ஓடுங்க!"

"ஸ்கெலட்டன்ல இருந்தா? யாரு வர்றாங்க?"ன்னு கேட்டேன். இங்க ஸ்கெலட்டன்னா ஒரு ஏரியா, என் சின்ன அக்கா வீடு அங்கதான் இருக்கு. அதுக்குள்ள எலும்புக்கூடு ஒண்ணு வந்து என் ஆளை அடிச்சுப் போட்டுது. எங்க ஊர்க்காரர் ஒருத்தர் இருந்திருப்பார் போல, "அக்காவை வரவேண்டாம்னு சொல்லுங்க ஆயா"ன்னு எழுதினார். நான் சத்தமா சிரிச்சிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் நாத்தனார், "அண்ணி, யாரு வந்துகீறாங்க?"ன்னு மறுபடி கேட்டது. "கொஞ்ச பேரு வந்துகீறாங்க, இரும்மா"ன்னேன்.

அந்த ஆட்டத்தை முடிக்க ரொம்ப நேரம் ஆச்சு. எத்தனை தடவை செத்தேன்னு தெரியல. ஒவ்வொரு தடவையும் ஏன் செத்தேன்னு சொல்லிட்டுத் திரும்பி ஆரம்பிச்சேன். கடைசியில ஆளு வெளிய வந்தான், வானம் தெரிஞ்சது. "முடிஞ்சிதுங்க. நான் போய் அரிசி களையறேன்"னு சொல்லிட்டு நிறுத்தினேன்.

அன்னில இருந்து எல்லாம் சுலபமாப் போச்சுன்னு சொல்ல மாட்டேன். சில நாள் தொண்டை பழையபடி அடைக்கும். அப்ப கண்ணுக்குத் தெரியறதுல இருந்து ஆரம்பிப்பேன், கல்லு, ஏணி, தண்ணி. ஒருத்தர் ஒரு நாள், "கிழவிக்கு வீட்டுல சமையல் வேலை இல்லையா"ன்னு எழுதினார். மூடிட்டுப் போகத்தான் தோணிச்சு. ஆனாலும் சொன்னேன், "சமைச்சாச்சுப்பா. கத்திரிக்காய் குழம்பு. நீ சாப்பிட்டியா?" அவர் பதில் போடல. போகவும் இல்ல, கடைசி வரைக்கும் பார்த்தார்.

ஏணி ஆட்டத்துக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை மகள் தலை சீவிட்டு வந்து என் பக்கத்துல உட்கார்ந்தா. போனைச் சொம்புல சாய்ச்சா. லைவ் ஆனதும், "ஹாய், எல்லாருக்கும்"னு ஆரம்பிச்சா.

"இருடி"ன்னேன். "நான் சொல்றேன்."

அவ என்னையே பார்த்தா. அப்புறம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தா. நான் வணக்கம் சொன்னேன்.

இவ்வளவுதான் ஞாபகம். முதல் தடவை வந்தது மூணு பேரா நாலு பேரான்னு மகளைக் கேளுங்க, அவ போன்ல பார்த்துச் சொல்லுவா. அந்த ஆட்டத்துல மணி அடிச்ச அப்புறம் ஏணி வருதா, முன்னாடியே இருக்குதான்னும் எனக்குச் சந்தேகமாத்தான் இருக்கு. ஆடத் தெரிஞ்சவங்க யாராவது பார்த்துத் திருத்துங்க. லெவல் நம்பர் பத்தி நான் சொன்னதையும், சுரங்கத்துக்குள்ள வேலை பார்த்த யாராவது படிச்சுச் சரியான்னு சொல்லுங்க. நான் ஒருநாளும் கீழ இறங்கினதில்ல. அவர் சொல்லக் கேட்டதுதான்.