இரண்டாவது பிரேக்

அக்கா டம்ளரில் டீ ஊற்றுகிறாள். டீ விளிம்பை நெருங்குகிறது. மேசைக்கு அடியில் அத்தானின் வலது கால் மெல்லத் தரையை அழுத்துகிறது. ஊற்றுவது நின்றதும் கால் தளர்கிறது. தான் அழுத்தியதால்தான் டீ நின்றது என்று அந்தக் கால் நம்புகிறதோ என்னவோ.

என் அக்காவின் கணவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். மாணவர்களுக்கு அவர் ‘மாஸ்டர்’. அந்தக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கிறது. ஓட்டுகிறவர் தடுமாறினால் அவர் அழுத்துவார், வண்டி நிற்கும். இளவயதில் அந்த இருக்கையில் உட்கார்ந்தவர், தலை நரைக்கத் தொடங்கியும் எழுந்திருக்கவில்லை. ஸ்டியரிங் யார் கையில் இருந்தாலும் சரி, பிரேக் மட்டும் அவர் காலடியில் இருக்க வேண்டும்.

இது காரோடு நின்றால் பரவாயில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தாலும் அழுத்துவார். டிவியில் யாராவது மாடிப்படியில் வேகமாக இறங்கினாலும் அழுத்துவார். வலது செருப்பு தேய்ந்து ஓட்டையாகும்போது இடது செருப்பு கடையில் வாங்கிய மெருகு குலையாமல் இருக்கும். “வலது மட்டும் தனியா குடுப்பீங்களா?” என்று ஒருமுறை செருப்புக் கடையில் கேட்டுவிட்டார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் இவரோடு வந்தவள் இல்லை என்பதுபோல் குடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாணவர்களுக்கு அவர்மேல் உயிர். திட்டமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். “மெதுவா... பாத்து... அவசரமே இல்ல. நான் இருக்கேன்ல?” இதுதான் அவருடைய மொத்தப் பாடமும். “என்கிட்ட கத்துக்கிட்டவங்க ஒருத்தர்கூட எங்கயும் இடிச்சதில்ல” என்று பெருமையாகச் சொல்வார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வரைக்கும் யாரும் இடிக்கவில்லை, உண்மைதான். அதற்கப்புறம் என்ன ஆனது என்று நான் கேட்பதில்லை.

அக்காவும் கல்யாணமான புதிதில் அவரிடம் கற்றுக்கொண்டாள். ஓட்டுநர் தேர்வில் வெள்ளைக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றாள், தோற்றாள். “அங்க ரோடு சரியில்ல” என்று அத்தான் இன்றுவரை சொல்கிறார். அக்கா வேறொரு டிரைவிங் ஸ்கூலில் பெயர் கொடுத்துக் கற்று, லைசென்ஸும் வாங்கினாள். அந்தப் பேச்சை இருவரும் வீட்டில் எடுப்பதில்லை.

இப்படிப்பட்டவருக்கு ஒரு குழந்தை பிறந்தால் என்ன ஆகும்? அதுவும் பல வருஷம் காத்திருந்து, மாதம் நிறையும் முன்பே அவசரப்பட்டு வந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து பிழைத்த பெண் குழந்தை. ‘குட்டி’ என்று கூப்பிடுகிறோம். குட்டி கொட்டாவி விட்டால்கூட அத்தானின் கால் தரைக்குப் போகும்.

அவர்கள் வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். சித்தி என்ற உரிமையில் குட்டிக்கு ஒரு விளையாட்டு மேசை வாங்கிக் கொடுத்தேன். குழந்தையோடு சேர்ந்து வளர்கிற மேசை அது. படுத்திருக்கும் வயதில் மேலே ஒரு வளைவை மாட்டினால் பொம்மைகள் தொங்கும். உட்காரும் வயதில் பலகையைத் தரையில் வைத்துக்கொள்ளலாம். உருட்ட மணிகள், சுற்றப் பல்சக்கரம், அமுக்கப் பியானோக் கட்டைகள் எல்லாம் அதில் உண்டு. எழுந்து நிற்கும் வயதில் நான்கு கால்களை மாட்டினால் குழந்தையின் மார் உயரத்துக்கு வரும். நடுவில் ஒரு பச்சைப் பொத்தான். அதைத் தட்டினால் ஒரு பாட்டு வரும், லேசில் நிற்காது. கடையில் கேட்டபோது இனிமையாகத்தான் இருந்தது. இப்போது கனவிலும் கேட்கிறது.

பாட்டைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அத்தானைத்தான் பொறுக்க முடியவில்லை. வளைவை மாட்டுவதற்கு முன் அதைப் பிடித்து இழுத்தார், ஆட்டினார், தன் மூக்குக்கு மேலே தொங்கவிட்டுப் படுத்துப் பார்த்தார். பொம்மைகளின் முடிச்சுகளை அவிழ்த்து மறுபடி போட்டார். அவர் திருப்தியடைந்து குட்டியை அதன் கீழே படுக்கவைத்த அன்று, அவள் குப்புறத் திரும்பி வேறு பக்கம் பார்த்தாள். பலகையைத் தரையில் வைத்துக் கொடுத்தபோதும் அதே கதைதான். விளிம்பெல்லாம் பஞ்சுக் குழாயை ஒட்டி அவர் முடிப்பதற்குள் அவள் உட்காரவும் தவழவும் பழகி, பலகையை விட்டுவிட்டுச் செருப்பு வைக்கும் அலமாரிக்குக் குடிபோய்விட்டாள். குழந்தைக்கு எப்போதும் ஒரு கட்டம் பின்னாலேயே மேசை வந்துகொண்டிருந்தது. நான்கு கால்களும் பரண்மேல் கிடந்தன.

“கால மாட்டுங்க அத்தான்” என்பேன்.

“மாட்டலாம், அவசரமே இல்ல” என்பார்.

அவசரம் இருந்தது. குட்டியின் வயதுக் குழந்தைகள் எல்லாம் நாற்காலியைப் பிடித்து எழுந்து நிற்கின்றன, சில நடக்கவும் தொடங்கிவிட்டன. குட்டி நிற்கவில்லை. போன தடவை காலைத் தட்டியும் மடக்கியும் பார்த்த டாக்டரம்மா, “சீக்கிரம் பொறந்த குழந்தை, கொஞ்சம் லேட்டாகலாம். மார் உயரத்துக்கு எதையாவது குடுத்துப் பிடிச்சு நிக்க விடுங்க. அடுத்த வாரமும் நிக்கலைன்னா சில டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாம்” என்று சொல்லியிருந்தார். டெஸ்ட் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் என்னிடம் கேட்டாள்: “இவ நிப்பாளாடி?”  எனக்கு வந்த ஆத்திரம் முழுக்க அந்த மனுஷர்மேல் திரும்பியது. நானே ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து கால்களை இறக்கி, அவர் மடியில் வைத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் உட்கார்ந்தார். பலகையைக் குப்புறக் கவிழ்த்து முதல் காலைச் செருகினார். க்ளிக். இரண்டாவது, க்ளிக். மூன்றாவதும் அப்படியே. நான்காவதைச் செருகிவிட்டுக் காதைச் சாய்த்தார்.

“மூணும் க்ளிக்னு கேட்டுச்சு. இது டிக்னு கேக்குது.”

“அத்தான், மாட்டிக்கிச்சு. இழுத்துப் பாருங்க, வருதா?”

“வரல. ஆனா டிக்குனுதான் கேட்டுச்சு.”

நான்கையும் கழற்றினார். கால்களை இடம் மாற்றி மாட்டினார். இப்போது வேறொரு கால் டிக் என்றது. மறுபடி கழற்றினார். நடுவில் யார் முழங்கை பட்டதோ, பாட்டு ஆரம்பித்துவிட்டது. அலமாரியடியில் குட்டி என் செருப்பைச் சுவைத்துக்கொண்டே அதற்குத் தலையாட்டினாள். எனக்கு நெற்றிப்பொட்டு இரண்டும் தெறித்தன. மேசை ஒருவழியாக நிமிர்ந்து நின்றபோது மதியமாகிவிட்டது. அதோடு விட்டாரா? இரண்டு கால்களை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டினார். வீட்டிலிருந்த தலையணை, குஷன், பழைய மெத்தை எல்லாவற்றையும் மேசையைச் சுற்றிப் பரப்பினார். பிறகு குட்டியின் அக்குளில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கி, மேசையின் முன்னே நிறுத்தினார்.

“நில்லுடா செல்லம். மெதுவா... பாத்து... அப்பா இருக்கேன்ல?”

குட்டியின் பாதங்கள் தலையணைக்குள் புதைந்தன. கால் துணிபோல மடிந்தது. மறுபடி தூக்கினார், மறுபடி மடிந்தது. அவள் அப்பாவின் கையில் சொகுசாகத் தொங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அத்தான் முகம் சுண்டிவிட்டது. “பாத்தியா, கால்ல இன்னும் பலம் வரல. மேசைக் கால கழட்டிடலாம். தரையிலயே வச்சு விளையாடட்டும்.”

“தலகாணி மேல நீங்க நில்லுங்க பாப்போம்!” என்று கத்தினேன். பாவம், குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு நின்றே காட்டினார். இடதும் வலதுமாக ஆடினார். வலது கால் பழக்கதோஷத்தில் பிரேக்கைத் தேடி அழுத்தப்போய், அப்படியே சுவரில் சாய்ந்தார்.

“எனக்கு வயசாயிடுச்சும்மா” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சமையலறையிலிருந்து வந்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தலையணைகளை ஒவ்வொன்றாக எடுத்து வராந்தாவுக்கு வீசினாள். மெத்தையை இழுத்தாள். கடினமான வெறுந்தரை தெரிந்தது. குட்டியை என்னிடமிருந்து வாங்கி மேசையருகே உட்காரவைத்தாள்.

“அன்னைக்கு லைசென்ஸ் டெஸ்ட்ல நான் ஏன் கோட்டத் தாண்டிப் போனேன், தெரியுமா?” என்றாள்.

“அங்க ரோடு...”

“ரோடு நல்லாத்தான் இருந்துச்சு. நான் பிரேக் போடவே இல்ல. வண்டி தானா நிக்கும்னு நெனச்சேன். உங்ககிட்ட கத்துக்கிட்ட வரைக்கும் தானாத்தானே நின்னுச்சு?”

அத்தான் ஜன்னல் கம்பியில் கட்டிய முடிச்சை இன்னும் இறுக்கினார்.

“நீங்க பிடிச்சுக்குவீங்கன்னு தெரிஞ்சா அவ எதுக்கு நிக்கணும்? தள்ளிப் போய் உக்காருங்க.”

“விழுந்துடுவா.”

“விழட்டும். அழுதா தூக்கிக்கலாம்.” சொல்லிவிட்டுத் தன் இரண்டு கையையும் புடவைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

அத்தான் எதிர்ச்சுவரோரம் போய், கால்களை நீட்டி உட்கார்ந்தார்.  குட்டி எங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். யார் கையும் வரவில்லை. மேசையின் காலைப் பிடித்தாள், விளிம்பை எட்டினாள், பஞ்சுக் குழாயில் விரல்கள் பதிந்தன. பிட்டம் தரையை விட்டு எழும்பியது. அத்தானின் வலது பாதம் சட்டென்று முன்னே மடங்கியது. குட்டி தொப்பென்று உட்கார்ந்தாள். உதட்டைப் பிதுக்கினாள், அழுவதா வேண்டாமா என்று யோசித்தாள். அத்தான் பாதி எழுந்துவிட்டார். அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்தார்.

அவள் அழவில்லை. திரும்பவும் விளிம்பைப் பிடித்தாள். முதலில் முட்டி, பிறகு ஒரு பாதம், பிறகு இன்னொன்று. இடுப்பு ஆடியது, முழங்கால் நடுங்கியது. நிமிர்ந்தாள். தன் சொந்தக் காலில் நின்றுகொண்டு, ஒரு கையை ஓங்கிப் பச்சைப் பொத்தானில் அறைந்தாள். அந்தப் பாழாய்ப்போன பாட்டு வீடு முழுக்கக் கேட்டது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

கொண்டாட்டத்தில் குட்டி மற்றொரு கையையும் மேசையிலிருந்து எடுத்தாள். முன்னும் பின்னுமாக ஆடினாள். எதிர்ச்சுவரோரம் அத்தானின் வலது பாதம் பிரேக்கைத் தேடி மறுபடி முன்னே மடங்கத் தொடங்கியது. அவர் குனிந்து அதைப் பார்த்தார். இரண்டு கையாலும் கணுக்காலைப் பிடித்து இழுத்து மடக்கி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.